விஜயம்மா என்ற கசிவு

எங்கள் வீட்டுத் திராட்சைக் கொடியை எல்லையோர நீர்ச் சிக்கன சமிதி கண்டுபிடித்ததற்கு ஒரு பஸ் டயர்தான் காரணம். சமிதியின் கள அதிகாரி ராஜன் சார் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். குன்னத்துகாலில் எங்கள் இடவழி, அதாவது சந்து, ரோட்டில் சேரும் முக்கில் டயர் பஞ்சரானது. மாற்று டயரும் பஞ்சர்தான் என்று டிரைவர் சொன்னதும் எல்லோரும் இறங்கி விஜயம்மாக்காவின் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராஜன் சார் மட்டும் கிளாசைக் கையில் பிடித்தபடி இடவழிக்குள் நடந்து வந்து, எங்கள் வேலிக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார். பந்தலில் குலை தொங்கியது.

"இது எந்தா?" என்றார்.

"திராட்சையாக்கும் சாரே. புளிக்கும்," என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அவர் கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது ஒரு கம்பை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து கிணற்றடியில் நட்டார். பிறகு ரப்பர் வெட்டுக்கு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்கு, போகத் தொடங்கிவிட்டார். கொடி தானாக ஏறிப் பந்தலைப் பிடித்துக்கொண்டது. அதன் பழத்தை எங்கள் இடவழியில் தின்னாத பிள்ளை கிடையாது. இரண்டாம் முறை தின்ற பிள்ளையும் கிடையாது.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. சமிதியின் அலுவலகம் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது. அதற்கு ஒரு பத்ததி, அதாவது திட்டம், முன்பே அனுமதியாகியிருந்தது. 'மாறும் காலநிலையில் திராட்சைத் தோட்ட நீர் மேலாண்மை.' தோட்டம் மட்டும்தான் கிடைக்காமல் இருந்தது.

ராஜன் சார் எங்கள் முற்றத்தில் நின்று விளக்கினார். அவர் பேசியது மலையாளம். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். எழுதும்போது அர்த்தம் எங்காவது குறைந்திருந்தால் அது என் பிழை. கூடியிருக்க வாய்ப்பில்லை.

"இன்னும் ஐம்பது வருஷத்தில் இந்தத் தாலூக்காவில் மழை குறையும். வெயில் ஏறும். தெங்கும் ரப்பரும் நிற்காது. அப்போது நாம் வறண்ட தேசத்துப் பயிர்களுக்குப் போகவேண்டி வரும். வறண்ட தேசங்களில் திராட்சைக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நாம் இப்போதே தொடங்கிவிட வேண்டும்."

எங்கள் பக்கம் கேரளம். இடவழிக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே வீடு உள்ள கனகதாஸ் மாமா, ஒரு மாநிலத்தில் நின்றுகொண்டு இன்னொரு மாநிலத்தின் விஷயங்களில் கருத்துச் சொல்வதையே தொழிலாக வைத்திருப்பவர். அவர் கேட்டார்: "அம்பது வருஷம் கழிஞ்சா இதில ஆரு சாரே இருக்கப்போறோம்?"

"சமிதி இருக்கும்," என்றார் ராஜன் சார்.

"ஒரு மூடு கொடியத் தோட்டம்னு எழுதலாமா?" என்று அப்பா தயங்கினார்.

"இது மாதிரித் தோட்டம், பொன்னுதாஸ். மாதிரிக்கு ஒன்று போதும். இரண்டு இருந்தால் எது மாதிரி என்று குழப்பம் வரும்."

பிறகு பம்பு வந்தது. தண்ணீர் அளக்கும் மீட்டர் வந்தது. ஒரு ஏக்கருக்கான கறுப்புக் குழாய்ச் சுருள் வந்தது. சுருளை வெட்ட விதியில் இடமில்லை என்பதால் அதை முழுதாகப் பந்தல் காலைச் சுற்றியும், கொடியைச் சுற்றியும், மிச்சத்தைக் கோழிக்கூட்டைச் சுற்றியும் விட்டார்கள். மண்ணுக்குள் இறக்க ஒரு ஈரமானியும் வந்தது. அடியில் மண்முனையும் மேலே கடிகாரம் போன்ற முகமும் உள்ள ஒரு குழாய் அது. மண் காய்ந்தால் முள் ஏறும். நனைந்தால் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொள்ளும். நான் சாயங்காலம் உதியன்குளங்கரையில் டைப்பிங் வகுப்புக்குப் போகிறேன் என்று அம்மா பெருமையாகச் சொல்லிவிட்டதால், ஈரப்பத நிரீட்சகை, அதாவது கண்காணிப்பவள், என்ற பதவி எனக்கு வந்தது. முள்ளைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

கடைசியாக போர்டு வந்தது. முக்கிலிருந்தே படிக்கும்படி வேலிக்கு மேலே உயரமாகக் கட்டினார்கள். நீல நிறத் தகரத்தில் வெள்ளை எழுத்து. 'மாதிரித் திராட்சைத் தோட்டம். மாதிரி கர்ஷகன்: பொன்னுதாஸ்.' கர்ஷகன் என்றால் விவசாயி.

அப்பாவின் பெயர் அதுவரை ரேஷன் கார்டில் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. ரப்பர் வெட்ட விடியுமுன் போகிறவரை யாரும் பார்ப்பதில்லை. போர்டை எல்லோரும் பார்த்தார்கள். பஸ்ஸிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். அப்பா தினமும் ஈரத்துணியால் அதைத் துடைத்தார். அந்தப் பத்ததியில் ஒழுங்காக நனைந்தது அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்ல விஜயம்மாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விஜயம்மாக்கா புருஷன் இறந்தபின் சாயாக்கடையைத் தனியாக நடத்துகிறார். அவர் வீட்டுக் கிணறு செம்பாறையில் வெட்டியது. ஓணம் முடிந்ததும் அதில் வாளி தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அதனால் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே காலையும் மாலையும் எங்கள் கிணற்றில்தான் இறைக்கிறார். எங்கள் இடவழியில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கிணற்றில் இறைப்பவர் முதல் வாளியைத் தன் குடத்தில் ஊற்றக்கூடாது. அந்த வீட்டு மரத்துக்கோ செடிக்கோ ஊற்றிவிட்டுத்தான் தனக்கு இறைக்க வேண்டும். விஜயம்மாக்கா முதல் வாளியைத் திராட்சையின் மூட்டில், வேரடியில், ஊற்றுவார். திரும்பத் திரும்ப வருவார், வரும்போதெல்லாம் ஊற்றுவார். யாரும் பார்க்காவிட்டாலும் ஊற்றுவார். அதை நாங்கள் நீர்ப்பாசனம் என்று நினைத்ததே இல்லை. மரியாதை என்று நினைத்திருந்தோம். 'கொடிக்குத் தண்ணீர் விடுவது யார்?' என்று ராஜன் சார் கேட்டபோது, அப்பா மனதார நம்பி, "நானாக்கும்," என்றார்.

துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், பத்ததிக்கு முதல் இடைஞ்சல் வந்தது. மழை பெய்தது.

மத்தியானம் தாண்டியதும் இடித்துக்கொண்டு கொட்டியது. மூன்றாம் நாள் ஜீப்பில் ராஜன் சார் நனைந்துகொண்டு வந்தார்.

"பொன்னுதாஸ், இது வறட்சிக் காலப் பரீட்சை. கொடிமேல் மழை விழுந்தால் பரீட்சை செல்லாது."

"மழைய நிறுத்த நான் ஆரு சாரே?"

"உங்களால் முடியாது என்று சமிதிக்குத் தெரியும். அதனால்தான் தார்ப்பாய் கொண்டுவந்திருக்கிறேன்."

பந்தலுக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரை இடவழிக்குத் திருப்பினார்கள். அது சரிவில் இறங்கி கனகதாஸ் மாமாவின் முற்றம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போனது. பிறகு தார்ப்பாய்க்கு அடியில், கொட்டுகிற மழையில், பம்பை ஓடவிட்டுக் கொடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தோம். அப்பா குடை பிடித்தபடி பம்பின் பக்கத்தில் நின்றார்.

கனகதாஸ் மாமா முழங்கால் தண்ணீரில் நின்று கத்தினார்: "எலே பொன்னுதாஸே! உங்க சர்க்காரு வேண்டாம்னு சொன்ன மழய எனக்க வீட்டுக்கு அனுப்புதியா? எனக்கு ஒரு போர்டு வாங்கித் தாலே!"

அப்பா கேட்காததுபோல நின்றார். விஜயம்மாக்கா மட்டும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிந்து போய் முதல் வாளியை மூட்டில் ஊற்றிவிட்டு, "மழைன்னு சொல்லி வழக்கத்த மாத்த முடியுமா மக்ளே," என்று என்னிடம் சிரித்தார்.

மழை நின்றபின் குழாய்கள் அடைத்துக்கொண்டன. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் செம்மண் உண்டு. குழாயின் துளைகள் ஊசிமுனை அளவு. ஒவ்வொன்றாக அடைத்து, மார்கழியில் ஒன்றுகூடச் சொட்டவில்லை. பம்பு ஓடியது. மீட்டர் அசையவில்லை. தண்ணீரை வடிகட்டும் கருவி அடுத்த நிதியாண்டில் வரும் என்றார்கள். நான் பயந்துகொண்டே ராஜன் சாரிடம் மீட்டரைக் காட்டினேன்.

அவர் மீட்டரைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கொடி பச்சையாக, தளதளவென்று நின்றது. மறுபடி மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தண்ணீர் பூஜ்யம். கொடி பச்சை," என்றார் மெதுவாக. "பொன்னுதாஸ், வெளிநாட்டில் பாதித் தண்ணீரைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நாம் முழுவதையும் மிச்சம் பிடித்துவிட்டோம். இதற்குமேல் மிச்சம் பிடிக்க உலகத்தில் யாராலும் முடியாது."

"ஓட்ட அடஞ்சு போச்சு சாரே," என்றார் அப்பா.

"கொடி பழகிக்கொண்டது," என்றார் ராஜன் சார்.

ஆனால் ஈரமானி மட்டும் ஒத்துழைக்கவில்லை. முள் பூஜ்யத்தில் படுத்தே கிடந்தது. மண் நனைந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கருவி பழுது என்று சொல்லி வேறு ஒன்றை வைத்தார்கள். அதுவும் படுத்தது. முழுக் கம்பெனியும் மோசம் என்று ராஜன் சார் வருத்தப்பட்டார். விஜயம்மாக்கா ஊற்றும் வாளியைப் பற்றி அப்போது நான் சொல்லியிருக்கலாம். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கும்பம், அதாவது மாசி, பிறந்ததும் வெயில் ஏறியது. எல்லா வருஷத்தையும்விட அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் கிணற்றிலும் நீர் இறங்கியது. இது சமிதியைக் குழப்பியது. பத்ததி ஒரு துளியும் எடுக்கவில்லை என்றால் தண்ணீர் எங்கே போகிறது? கசிவு இருக்கிறது என்று முடிவு செய்தார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து கசிவு கண்டுபிடிக்கும் குழு ஒன்று வந்து கிணற்றுச் சுவரைத் தட்டிப் பார்த்தது. அடியில் இறங்கிப் பார்த்தது. களைத்து ஏறி வந்தது. விஜயம்மாக்கா கடையிலிருந்து அவர்களுக்கெல்லாம் சாயா கொண்டுவந்தார். கிளாசுகளை வைத்துவிட்டு, வந்தது வந்தோம் என்று கிணற்றுக்குப் போய் வாளியை இறக்கினார்.

குழு சாயா குடிப்பதை நிறுத்தியது.

"இவர் யார்?" என்றார் ராஜன் சார்.

"விஜயம்மா. நம்ம சாயாக்கடை," என்றார் அப்பா.

"எடுக்கிறாரே!"

"எப்பவும் எடுக்கதுதான் சாரே."

ராஜன் சார் எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தேடியது கிடைத்த நிம்மதிதான் இருந்தது. குழுவைப் பார்த்து, "கசிவு கிடைத்துவிட்டது," என்றார்.

விஜயம்மாக்காவுக்கு விளங்கவில்லை. "கிணத்துல கசிவு உண்டா சாரே? எந்தப் பக்கம்?" என்று அக்கறையோடு எட்டிப் பார்த்தார்.

"நீங்கள்தான்," என்றார் ராஜன் சார், மரியாதையாக.

மறுநாள் கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடியும் பூட்டும் வந்தன. வீட்டுக்குக் குடிக்க, குளிக்க அப்பா திறந்துகொள்ளலாம். வேறு யாரும் எடுக்கக்கூடாது. கொடிக்குக் கையால் ஊற்றவும் கூடாது. ஊற்றினால் பத்ததி ரத்தாகி போர்டு திரும்பப் போகும். அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவர் கை கொஞ்சம் பின்வாங்கியது. ஆனால் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் விடியற்காலையில் விஜயம்மாக்கா குடத்துடன் வந்தார். அப்பா ரப்பர் வெட்டுக்கு வழக்கத்தைவிட முந்தியே போயிருந்தார். அம்மாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிட்டது. நான்தான் கிணற்றடியில் நின்றேன்.

"பூட்டு என்னத்துக்கு மக்ளே?"

"சமிதியில இருந்து... கொஞ்ச நாளைக்கு மட்டும்னு..." என்று இழுத்தேன்.

அவர் பூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து கொடியின் மூட்டில் மண்ணை விரலால் கிளறினார்.

"செரி. எனக்கு முக்கில பைப்பு உண்டு, நிண்டு புடிச்சுக்கிடுவேன். இதுக்கு இண்ணைக்கு ஆரு ஊத்துவா?"

அவர் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

பொதுக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. சாயாக்கடை சில நாள் மத்தியானம் திறந்தது. சில நாள் திறக்கவில்லை. காலையில் ரப்பர் வெட்டிவிட்டு வருகிறவர்கள் மூடிய கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் போர்டைப் படித்தார்கள். வேறு படிக்க அங்கே ஒன்றும் இல்லை. அப்பா பின்வழியாக வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

ஈரமானியின் முள் எழுந்து ஏறத் தொடங்கியது. "கருவி சரியாகிவிட்டது," என்று ராஜன் சார் மகிழ்ந்தார். கொடியின் இலைகள் ஓரத்தில் சுருண்டன. பிறகு பழுத்தன. தொட்டால் அப்பளம்போல நொறுங்கின. அப்பா பந்தலுக்கு அடியில் போய் நின்று மேலே பார்ப்பார். சாவி அவர் மடியில் இருந்தது.

"ஒரு வாளி ஊத்துங்க," என்றார் அம்மா.

"பரீட்சை கெட்டுப்போவும் ஓமனா."

"அப்ப அந்த போர்டுக்க மூட்டுல ஊத்துங்க. அதாவது தளிர்க்கட்டு."

அப்பா ஒருநாள் வேலைக்குப் போகாமல் நெய்யாற்றின்கரைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். ராஜன் சாரின் மேசை முன்னால் நின்று, "கொடி சாவுது சாரே. அந்தப் பொம்பளய இறைக்க விடணும். அவ ஊத்தின வெள்ளத்துலதான் அது நிண்டது," என்றார். பஸ்ஸில் வரும்போது இதை அவர் உதட்டுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததை நான் கவனித்திருந்தேன். எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

ராஜன் சார் பொறுமையாகக் கேட்டார். "பொன்னுதாஸ், நீங்கள் கொடியை ஒரு கொடியாகப் பார்க்கிறீர்கள். சமிதி அதை எதிர்காலமாகப் பார்க்கிறது. ஐம்பது வருஷம் கழித்து வரவேண்டிய வறட்சியை நாம் இந்த மீன மாதத்திலேயே கொண்டுவந்திருக்கிறோம். இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஊற்றினால் காலநிலை பின்னால் போய்விடும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் உத்காடனம். சமிதித் தலைவர் வருகிறார். மேடையில் உங்களுக்கு நாற்காலி உண்டு."

திரும்பி வரும் பஸ்ஸில் அமரவிளை தாண்டியபோது அப்பா, "கைவெச்ச நாற்காலியா இருக்குமோ?" என்று கேட்டார். உடனே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

உத்காடனம், அதாவது தொடக்க விழா, முந்தின வருஷமே நடந்திருக்க வேண்டியது. ஒரு தேதியில் ஹர்த்தால். இன்னொரு தேதியில் தலைவருக்கு வேறு உத்காடனம். அதனால் பத்ததியின் தொடக்க விழாவும் நிறைவு விழாவும் ஒரே மேடையில் என்று முடிவாகியிருந்தது. குத்துவிளக்கு ஒன்று போதும் என்பதால் இதுவும் சிக்கனத்தில் சேர்ந்தது.

எங்கள் முற்றத்தில் மேடை போட்டார்கள். பின்னால் பந்தலில் கொடி கறுத்த கயிறுபோலத் தொங்கியது. மேடை மேசையில் ஒரு தட்டு நிறையத் திராட்சை இருந்தது. களியக்காவிளைச் சந்தையில் வாங்கியது.

"கம்பத்துப் பழமாக்கும்," என்று அப்பா பார்த்ததும் சொன்னார்.

"காலநிலை மாறியபின் இங்கே விளையப்போகும் பழத்தின் மாதிரி," என்றார் ராஜன் சார்.

அப்பாவுக்குக் கிடைத்தது கைவைத்த நாற்காலிதான்.

தலைவர் விளக்கேற்றினார். பழம் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பேசினார். "அருமையான இனிப்பு! பேசுகிறவர்கள் பேசட்டும். தண்ணீர் இல்லாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களுக்கு இந்தக் கொடி பதில் சொல்லியிருக்கிறது. பாருங்கள்! இனி இது தண்ணீர் கேட்குமா? கேட்காது. தண்ணீர் கேட்காத ஒரு பயிரைக் கேரளம் முதன்முதலாக உருவாக்கியிருக்கிறது. நாளை மனிதர்களையும் இந்த நிலைக்குக் கொண்டுவர சமிதியால் முடியும் என்று எனக்கு நம்பிக்கை உண்டு."

கைதட்டினார்கள். இடவழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகதாஸ் மாமாவும் பலமாகத் தட்டினார். அவர் நிறுத்த வெகுநேரம் ஆனது.

ராஜன் சார் அறிக்கை வாசித்தார். குழாய்களால் மிச்சமான தண்ணீர் இவ்வளவு. அதைவிடப் பல மடங்கு மிச்சமானது ஒரே ஒரு பழைய கசிவை அடைத்ததால். பத்ததியின் மிகப் பெரிய வெற்றி அதுதான்.

பிறகு மாதிரி கர்ஷகனைப் பேசச் சொன்னார்கள். அப்பா எழுந்து மைக்கைப் பிடித்தார். அந்த நேரம் விஜயம்மாக்கா வேலியோரமாக உள்ளே வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சாயாப் பானை, மறு கையில் கிளாசுகளைக் கோத்த கம்பி. விழாவுக்குச் சாயா சொல்லியிருந்தார்கள். அதற்காக அவர் முந்தின நாளிலிருந்து பொதுக்குழாயில் நின்று பிடித்திருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். மைக்கில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"எனக்குப் பேசத் தெரியாது. கொடி செத்தாச்சு. அது குழாய்க்க வெள்ளத்துல நிண்டதில்ல. விஜயம்மா ஊத்தின வெள்ளத்துல நிண்டதாக்கும். நான் பூட்டினேன். சாவி எனக்க மடியில உண்டு."

அப்பாடா, சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். தலைவர் ராஜன் சார் பக்கம் சாய்ந்து என்ன சொல்கிறார் என்று கேட்டார். தமிழ் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"பெண்களின் பங்களிப்பும் உண்டு என்கிறார்," என்றார் ராஜன் சார்.

தலைவர் மலர்ந்துவிட்டார். மைக்கை வாங்கினார். "எங்கே அந்தச் சகோதரி?" ராஜன் சார் விஜயம்மாக்காவைக் காட்டி அறிமுகம் செய்தார்: "நெடுங்காலம் கசிவாக இருந்து, எந்த எதிர்ப்பும் இல்லாமல் அடைபட்டு, பத்ததிக்கு ஒத்துழைத்தவர்."

விஜயம்மாக்காவைப் பானையும் கிளாசுமாக மேடையில் ஏற்றினார்கள். தலைவர் தனக்குப் போட்ட பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போட்டார். கை இரண்டிலும் பாரம் இருந்ததால் அவரால் கும்பிட முடியவில்லை. அப்படியே நின்றார். கைதட்டல் முடிந்ததும், "சாயா ஆறிப்போவும்," என்று சொல்லிவிட்டு மேடையில் இருந்தவர்களுக்கு வரிசையாகக் கொடுத்தார். அப்பாவுக்கும் கொடுத்தார். அப்பா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"அசல் சாயா," என்றார் தலைவர். "இந்தக் கிணற்றுத் தண்ணீரா?"

"இல்ல சாரே," என்றார் விஜயம்மாக்கா.

மறுநாள் போர்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். உதியன்குளங்கரையில் ஒரு வீட்டில் ஆப்பிள் கன்று நிற்கிறதாம். அப்பாவின் பெயர் உள்ள கீழ்வரியை மட்டும் மாற்றி எழுதுவார்கள். பம்பும் மீட்டரும் போயின. பூட்டை மட்டும் அப்பா அவர்கள் வருவதற்கு முன்பே கல்லால் அடித்து உடைத்திருந்தார். சாவி மடியில் இருக்கும்போதே ஏன் உடைத்தார் என்று நான் கேட்கவில்லை. கம்பி மூடியைக் கோழிக்கூட்டுக்குப் போட்டார்.

விடிந்ததும் அப்பா வேலைக்குப் போகாமல் படலைத் திறந்துவைத்து நின்றார். விஜயம்மாக்கா இடவழியில் குடத்தோடு வந்தார். தலையில் குடம் வைக்கச் சும்மாடு சுற்றியிருந்தார். பொன்னாடையைத்தான் சுற்றியிருந்தார். சரிகை ஓரம் காதுப் பக்கம் மினுங்கியது.

"விஜயம்மா, பூட்டு இல்ல. வந்து எடு," என்றார் அப்பா.

அவர் நிற்கவில்லை. கோபமும் காட்டவில்லை. பஸ்ஸில் போகிறவருக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்: "கசிவு நிண்டு போச்சு அண்ணா."

அடுத்த நாளும் அப்படியே போனார். அதற்கு அடுத்த நாளும். அம்மா ஒருமுறை வழிமறித்துக் கையைப் பிடித்தார். "மயினி, சாயாவுக்கு நேரமாச்சு," என்று மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு காலை அப்பா எங்கள் பெரிய குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். வாளியை இறக்கி இறைத்தார். முதல் வாளியைக் குடத்தில் ஊற்றவில்லை. செத்த கொடியின் மூட்டில் ஊற்றினார். சொந்தக் கிணற்றில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பிறகு குடத்தை நிறைத்து, துண்டைச் சும்மாடாகச் சுற்றி, தலையில் ஏற்றிக்கொண்டு இடவழியில் நடந்தார். எங்கள் ஊரில் ஆண்கள் ரப்பர் பால் சுமப்பார்கள், மரச்சீனிக் கிழங்கு மூட்டை சுமப்பார்கள். தண்ணீர்க் குடம் சுமப்பதில்லை.

கடைப் பெஞ்சு நிறைந்திருந்தது. அப்பா குடத்தை இறக்கியபோது விஜயம்மாக்கா அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "முதல் வாளி ஊத்தினியளா?"

"ஊத்தினேன்."

"எதுக்கு?"

"கொடிக்கு."

விஜயம்மாக்கா கொஞ்ச நேரம் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார். "அப்போ பொறத்த வையுங்க," என்றார். பின்பக்கம், கழுவும் பாத்திரங்கள் கிடக்கும் இடத்தைக் காட்டினார். அந்தத் தண்ணீரில் இன்றுவரை அவர் கிளாஸ்தான் கழுவுகிறார். சாயாவுக்குப் பொதுக்குழாய்தான்.

அப்பா தினமும் கொண்டுபோகிறார். நான் டைப்பிங் வகுப்புக்குப் போகும் நேரம் சாயங்காலக் குடம் போகும். அவருக்குப் பின்னால் சற்று விலகி நடப்பேன். முக்கு வந்ததும் பெஞ்சிலிருந்து கனகதாஸ் மாமாவின் குரல் தவறாமல் கேட்கும்.

"எலே, வழி விடுங்கலே! கசிவு வருது!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் தலை குனிந்துகொள்வேன். அப்பா குனியமாட்டார். தலையில் நிறைகுடம் இருக்கும்போது குனிய முடியாது.